உடைக்கவே முடியாத பூட்டு வேண்டும்: ஒரு கேள்வியும் அதைத் தொடர்ந்தவையும்

ஜூன் 4, 2025. கேள்வி

"மருந்துக் கடைகளுக்கு இருப்புக் கணக்கும் பில்லும் போடும் மென்பொருள் ஒன்றை எழுதி விற்கிறேன். நான் விற்காத கடைகளிலும் அது ஓடுகிறது என்று இப்போது தெரியவந்திருக்கிறது. ஒருவர் வாங்கினால் நான்கு பேருக்குப் பென்டிரைவில் போய்விடுகிறது. உடைக்கவே முடியாத பூட்டு ஒன்றைப் போட வேண்டும். டாங்கிள் (கணினியில் செருகினால்தான் மென்பொருள் ஓடும் சிறு கருவி) வாங்கலாமா? இணையம் வழியாகச் சரிபார்க்கலாமா?"

ஜூன் 4, இரவு

உடைக்கவே முடியாத பூட்டு கிடையாது, தம்பி. இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் பணமும் நாளும் மிஞ்சும். நான் ஈரோட்டைச் சுற்றியுள்ள ஜவுளிக் கடைகளுக்கும் மளிகை மொத்த வியாபாரிகளுக்கும் பில்லிங் மென்பொருள் எழுதுகிறவன். நீங்கள் கேட்பவற்றில் பெரும்பாலானவற்றை முயன்று பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் நிரல் ஓடுவது அடுத்தவருடைய கணினியில். லைசென்ஸ் சரியா என்று எவ்வளவு சுற்றிவளைத்துச் சோதித்தாலும், முடிவில் எங்கோ ஓரிடத்தில் 'சரியென்றால் இப்படிப் போ, தவறென்றால் அப்படிப் போ' என்ற ஒரு தாவல் கட்டளை இருந்தே தீரும். இன்டெல் வகைச் செயலிகளில் 'பூஜ்யமானால் தாவு' என்ற கட்டளைக்கு உரிய பைட், பதினறும எண்ணில், 74. 'பூஜ்யம் இல்லையென்றால் தாவு' என்பதற்கு 75. டீபக்கர் (நிரல் ஓடுவதைக் கட்டளை கட்டளையாகப் பார்க்கும் கருவி) பிடிக்கத் தெரிந்தவன் அந்த இடத்தைக் கண்டுபிடித்து 74ஐ 75 ஆக்கினால், தவறான லைசென்ஸ் எல்லாம் சரியானதாகிவிடும். அந்த ஒரு பைட்டை மறைக்கத்தான் உலகம் முழுவதும் இத்தனை செலவு நடக்கிறது.

ஆனால் உங்களிடமிருந்து போவது அப்படி உடைத்தெடுத்த பிரதி இல்லை. ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் இழுத்துப் போட்ட பிரதி. அதைச் செய்கிறவர் கணினி வல்லுநர் அல்லர். பக்கத்துக் கடை அண்ணன் கேட்டார் என்பதற்காகக் கொடுத்தவர். அவரைத் தடுக்கத் தேவைப்படும் பூட்டு மிகச் சிறியது. எதிரி யார் என்று தெரியாமல் பூட்டின் அளவைத் தீர்மானிக்காதீர்கள்.

ஜூன் 5, காலை

டாங்கிள் பற்றி. எங்கள் பக்கத்தில் 'ஹார்டுவேர் லாக்' என்பார்கள். முன்பு பிரிண்டர் போர்ட்டில் செருகுவது வந்தது, பிறகு யுஎஸ்பி. சிவகாசியிலும் சென்னையிலும் டிடிபி தொழிலில் இருந்தவர்களுக்குப் பழக்கமான பொருள்.

நானும் ஒரு காலத்தில் டாங்கிளோடு விற்றேன். நகலெடுப்பு நின்றது உண்மை. ஆனால் எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் வேறு வகையாக மாறின. பெருக்கும்போது துடைப்பம் பட்டு வளைந்தது, பையன் பென்டிரைவ் என்று நினைத்துப் பிடுங்கிவிட்டான், போர்ட் தளர்ந்துவிட்டது, விண்டோஸ் புதிதாகப் போட்டபின் டிரைவர் ஏறவில்லை. இவையெல்லாம் எப்போது நடக்கும் என்றால், தீபாவளிக்கு முந்தைய வாரம் கடை நிரம்பி வழியும்போது நடக்கும். பில் போட முடியாமல் கல்லாவில் வரிசை நிற்கும். அந்த வரிசையில் நிற்கும் அவமானம் யாருக்கு? எனக்குப் பணம் கொடுத்த முதலாளிக்கு. நகல் பிரதி வைத்திருந்தவர் நிம்மதியாகப் பில் போட்டுக்கொண்டிருந்தார்.

இன்னொரு அனுபவம், இது வாங்கியவனாக. டாங்கிளோடு வந்த எழுத்துருத் தொகுப்பு ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். விற்ற நிறுவனம் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. பிறகு டாங்கிள் செத்தது. அந்த எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்த பழைய கோப்புகளைத் திறக்க, நான் உரிமம் வாங்கியிருந்த மென்பொருளையே நான் பயன்படுத்த முடியவில்லை. அந்தக் கோபம் இன்றும் எனக்குத் தணியவில்லை. பூட்டுப் போடுகிறவன் தான் இல்லாத காலத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

ஜூன் 5, மதியம்

அப்படியானால் எதையும் பூட்டாமல் விட்டுவிடலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது. உழைத்து எழுதியவனுக்குக் கூலி வர வேண்டும் என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. 1976 பிப்ரவரியில் பில் கேட்ஸ் கணினி ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். ஆல்டேர் கணினிக்கான பேசிக் மொழியைக் காகித நாடாவில் நகலெடுத்து எல்லோரும் வைத்துக்கொள்கிறார்கள், எழுதியவர்களுக்கு யார் பணம் கொடுப்பது என்று அதில் கேட்டிருந்தார். அவருடைய பிற்காலச் செல்வத்தை வைத்து அந்தக் கடிதத்தைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. அன்றைக்கு அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஒரு சிறிய ஊரில் தனியாக உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு அது இன்றும் அதே கேள்விதான்.

ஜூன் 6, இரவு

சரி, என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். என் வாழ்க்கையில் உருப்படியாக வேலை செய்த பூட்டு இது ஒன்றுதான்.

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. ஒவ்வொரு வரிப் பில்லிலும் விற்கிறவரின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண் மூன்றும் இருக்க வேண்டும் என்பது சிஜிஎஸ்டி விதி 46. அந்த எண்ணில் 15 இடங்கள். முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த 10 இடங்கள் பான் எண். கடைசி இடம் சோதனை எழுத்து, மற்ற 14ஐ வைத்துக் கணக்கிடப்படுவது.

நான் என்ன செய்தேன் என்றால், லைசென்ஸ் கோப்பிலேயே கடையின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண் ஆகியவற்றை எழுதி, என்னிடம் மட்டும் இருக்கும் தனி விசை என்ற ரகசிய எண்ணால் மின்னொப்பம் இட்டுக் கொடுத்துவிடுகிறேன். நிரலுக்குள் இருப்பது பொது விசை மட்டும். ஒப்பத்தைச் சரிபார்க்க அது போதும், ஒப்பமிட அது உதவாது. பில்லின் தலைப்பு அந்தக் கோப்பிலிருந்து மட்டுமே அச்சாகும். பெயரை மாற்றிக்கொள்ளும் திரையே கிடையாது. ஓர் எழுத்தை மாற்றினாலும் ஒப்பம் பொருந்தாது.

இனி அந்த ஃபோல்டரை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகட்டும். பக்கத்துக் கடைக்காரர் அதில் பில் போட்டால் முதல் கடையின் பெயரும் எண்ணும் அச்சாகும். எந்தக் கடைக்காரரும் தன் வாடிக்கையாளரிடம் அடுத்தவர் பெயர் போட்ட பில்லைக் கொடுக்க மாட்டார். முதல் கடைக்காரருக்கோ இது இன்னும் அச்சம் தரும் விஷயம். தன் ஜிஎஸ்டி எண்ணில் வேறொருவர் பில் போட்டால் அந்த விற்பனை தன் தலையில் விழுமே! மற்றவருடைய பதிவு எண்ணில் பில் போடுவது ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 122இன்படி தண்டத்துக்குரியது: 10,000 ரூபாய் அல்லது சம்பந்தப்பட்ட வரித்தொகை, இரண்டில் எது அதிகமோ அது. ஆகவே பென்டிரைவ் கேட்டு வருகிறவரை இப்போது என் வாடிக்கையாளரே தடுக்கிறார். நான் காவல் நிற்கத் தேவையில்லை.

டாங்கிள் இல்லை, இணையம் இல்லை, கணினி மாறினால் என்னைக் கூப்பிட வேண்டியதும் இல்லை. கடைக்காரர் புதுக் கணினி வாங்கினால் கோப்பை எடுத்துப் போட்டுக்கொள்கிறார். அவர் கடையிலேயே மூன்று கணினியில் போட்டால்? போடட்டும். அந்தக் கடைக்குத்தானே விற்றேன்.

ஜூன் 7, காலை

நல்ல கேள்வி வந்திருக்கிறது: ஜிஎஸ்டி பதிவே இல்லாத சிறிய கடைகளுக்கு?

பொருள் விற்பனையில் ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை என்பதால் இப்படிப்பட்ட கடைகள் நிறைய. அவர்களுக்குக் கடைப் பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டும் கோப்பில் போகின்றன. பிடி கொஞ்சம் தளர்வுதான், ஆனாலும் போதுமானதாக இருக்கிறது. உங்களுக்கு இன்னும் வசதி, தம்பி. மருந்துக் கடை பில்லில் மருந்து உரிம எண்ணையும் அச்சிடுகிறார்கள். படிவம் 20, 21இல் தரப்படும் அந்த உரிமங்களின் எண்களை மின்னொப்பக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். அடுத்தவர் மருந்து உரிம எண் போட்ட பில்லைக் கையில் வைத்துக்கொண்டு மருந்து ஆய்வாளரை எதிர்கொள்ள யாருக்கும் துணிவு வராது.

எந்த மின்னொப்ப முறை என்று கேட்டவருக்கு: நான் பயன்படுத்துவது எட்25519. பொது விசை 32 பைட், ஒப்பம் 64 பைட். நன்கு சோதிக்கப்பட்ட நூலகங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சொந்தமாகக் குறியாக்க முறை எதையும் கண்டுபிடிக்காதீர்கள். வரிசை எண்ணுக்குள் கூட்டல் கழித்தல் சோதனை வைக்கும் பழைய முறையில் ரகசியம் நிரலுக்குள்ளேயே கிடக்கும். அதைப் படித்தவன் எண்களை உற்பத்தி செய்யும் கீஜென் எழுதிவிடுவான்.

ஜூன் 7, இரவு

திருப்பூரிலிருந்து ஓர் அன்பர் எழுதியிருக்கிறார். எம்பிராய்டரி வடிவமைப்பு மென்பொருளை விற்கிறார். அதில் பில்லும் இல்லை, கடைப் பெயரும் அச்சாவதில்லை. பிரதி ஒன்றின் விலை லட்சங்களில் இருக்கிறது. வாங்குகிறவர்கள் டாங்கிளை இயந்திரத்தின் ஒரு பாகமாகவே பார்க்கிறார்கள் என்கிறார்.

அவர் சொல்வதைக் கேட்டபின் டாங்கிளுக்கு ஓர் இடம் விடுகிறேன். விலை உயர்ந்து, வாடிக்கையாளர் எண்ணிக்கை குறைவாக இருந்து, பழுதானால் அன்றே மாற்றுக் கொடுக்க உள்ளூரில் ஆள் இருந்தால் அது தாங்கும். அவர் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் 30 நாள் மட்டும் செல்லும் தற்காலிக மென்விசை ஒன்றை முன்கூட்டியே கொடுத்து வைத்திருக்கிறாராம். டாங்கிள் செத்தால் அன்றே அதைப் போட்டுக்கொள்ளலாம். இந்த ஏற்பாடு அருமை. டாங்கிள் விற்கும் எல்லோரும் இதைச் செய்தால் நான் ஜூன் 5 அன்று எழுதியதில் பாதியை எழுத வேண்டியிருந்திருக்காது.

ஜூன் 9

கணினியோடு பிணைப்பது பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். ஹார்டு டிஸ்க் வரிசை எண், நெட்வொர்க் கார்டின் மேக் எண், மதர்போர்டு எண் என்று எதையாவது பிடித்து லைசென்ஸைக் கட்டுவது. ஒரே ஓர் எண்ணில் கட்டினால் துன்பம்தான். எஸ்எஸ்டி மாற்றினால் போச்சு, யுஎஸ்பி வைஃபை செருகினால் மேக் எண் குழம்பும். 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது மைக்ரோசாஃப்ட் பத்து பாகங்களைச் சேர்த்துப் பார்க்கும்படி செய்தது. ஓரிரண்டு மாறினால் பொறுத்துக்கொள்ளும், பல மாறினால்தான் மறுபடியும் செயல்படுத்தச் (ஆக்டிவேட் செய்ய) சொல்லும். கட்டியே ஆக வேண்டுமென்றால் அந்த அளவுக்காவது பொறுமை வேண்டும்.

ஆண்டு உரிமம் விற்கிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை, அது மதர்போர்டில் இருக்கும் அந்தச் சிறிய வட்ட பேட்டரியைப் பற்றியது. சிஆர்2032. பழைய கணினிகளில் அது தீர்ந்துபோனால், இரவு மின்சாரத்தை அணைத்துக் காலையில் போடும்போது தேதி பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும். நிரல் என்ன நினைக்கும்? தேதியைத் திருத்தி ஏமாற்றப் பார்க்கிறார் என்று நினைத்துப் பூட்டிக்கொள்ளும். நேர்மையாகப் பணம் கட்டிய கடைக்காரரைத் திருடன் என்று திரையில் எழுதிக் காட்டும். எங்கள் பக்கத்துக் கடைகளில் கணினியை இரவில் சுவரிலேயே அணைத்துவிட்டுப் போவது வழக்கம், ஆகவே இது அடிக்கடி நடப்பது.

இதற்கு நான் வைத்திருக்கும் வழி: தரவுத்தளத்தில் உள்ள கடைசிப் பில்லின் தேதியைப் பார். கணினித் தேதி அதற்கும் முந்தையது என்றால் பூட்டாதே. 'தேதி பின்னால் போயிருக்கிறது, பேட்டரி தீர்ந்திருக்கலாம், இன்றைய தேதி இதுதானா?' என்று கேள். தேதி தவறாகப் பில் போனால் கடைக்காரருக்கும் கணக்கில் சிக்கல்தானே. அவருக்கு நன்மை செய்யும் ஒரு சோதனையாகவே அது அமைந்துவிடுகிறது. உரிமம் முடிந்தாலும் பழைய கணக்கைப் பார்க்கவும் அச்சிடவும் எப்போதும் அனுமதி உண்டு. கணக்கு அவருடையது. அதைப் பிணையாகப் பிடித்து வைக்க எனக்கு உரிமை இல்லை.

ஜூன் 10

இணையம் வழியாக ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பது வேண்டாம். 2013இல் சிம்சிட்டி விளையாட்டு வெளியான வாரம் நினைவிருக்கிறதா? தனியாக விளையாடுவதற்கும் சர்வர் இணைப்பு கட்டாயம் என்று வைத்தார்கள். சர்வர்கள் தாங்கவில்லை. பணம் கொடுத்தவர்கள் நாள் கணக்கில் உள்ளே நுழைய முடியாமல் காத்திருந்தார்கள். அடுத்த ஆண்டே இணைப்பில்லாமல் விளையாடும் வசதியைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

சர்வரை என்றைக்காவது அணைத்தே ஆக வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். அடோபி, ஃபோட்டோஷாப் அடங்கிய தன் பழைய சிஎஸ்2 தொகுப்புக்கான செயல்படுத்தும் சர்வரை அணைத்தபோது, 2013 ஜனவரியில், செயல்படுத்தத் தேவையில்லாத பதிப்பை வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தது. மைக்ரோசாஃப்ட் 2019 ஜூலையில் மின்னூல் கடையை மூடியபோது வாங்கியவர்களின் நூல்கள் எல்லாம் படிக்க முடியாமல் போயின. முழுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அது சரி. ஆனால் ஓரத்தில் குறிப்பெழுதிப் படித்த புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு பணம் கொடுத்தால் ஈடாகுமா?

நம்மைப் போன்ற தனியாட்களிடம் திருப்பிக் கொடுக்கப் பணமும் இருக்காது. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், லைசென்ஸ் சோதனையே இல்லாத ஒரு பதிப்பை எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அனுப்பிவிடும்படி என் நண்பர் ஒருவரிடம் சொல்லி, அந்தப் பதிப்பையும் கொடுத்து வைத்திருக்கிறேன். வாங்குகிறவரிடம் இதை எழுதியே கொடுக்கிறேன். இந்த ஒரு தாளைப் பார்த்து வாங்கியவர்கள் உண்டு.

ஜூன் 11

"பூட்டை விண்டோஸுக்குள்ளேயே ஆழமாக ஒளித்துவிட்டால்?" என்று கேட்டவருக்கு ஒரு பழைய கதை. 2005இல் சோனி பிஎம்ஜி நிறுவனம் இசைத்தட்டுகளில் நகல் தடுப்பு என்று ஒரு மென்பொருளை வைத்தது. தட்டைக் கணினியில் போட்டால், கேட்டவருக்குத் தெரியாமல் அது விண்டோஸுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். குறிப்பிட்ட முன்னொட்டில் தொடங்கும் எல்லாக் கோப்புகளையும் மறைத்துவிடும். விண்டோஸ் வல்லுநர் மார்க் ருஸினோவிச் அதைக் கண்டுபிடித்து அக்டோபர் கடைசியில் எழுதினார். சில நாள்களிலேயே அந்த மறைவிடத்தைப் பயன்படுத்தும் தீநிரல்கள் வந்துவிட்டன. தட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள், வழக்குகளைச் சந்தித்தார்கள். பணம் கொடுத்து இசைத்தட்டு வாங்கியவரின் கணினிக்குத்தான் ஆபத்து வந்தது.

சிறிய அளவில் நமக்கும் இது உண்டு. நிரலைச் சுருக்கி, குழப்பி, பொதிந்து அனுப்பினால் ஆன்டிவைரஸ்கள் அதை வைரஸ் என்று பிடிக்கின்றன. பிறகு கடை கடையாகப் போய் விலக்குப் பட்டியலில் சேர்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஜூன் 13

பேச்சு மின்னூலுக்குத் திரும்பியிருக்கிறது. எழுத்தாளர் ஒருவர் தன் நாவலின் பிடிஎஃப் வாட்ஸாப் குழுக்களில் சுற்றுவதைப் பார்த்து மனம் வெறுத்து எழுதியிருக்கிறார். அம்மா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. தமிழில் ஒரு நூல் சில நூறு பிரதிகள் விற்பதே பாடு. அதில் ஐம்பது குறைந்தாலும் வலிக்கும்.

ஆனால் சுற்றும் பிடிஎஃப்கள் எப்படி வந்தன என்று பாருங்கள். பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும், ஓரத்தில் கட்டைவிரல் தெரியும், நூலக முத்திரை இருக்கும். அச்சுப் புத்தகத்தைக் கைப்பேசியில் படமெடுத்தது. மின்னூலுக்கு எந்தப் பூட்டுப் போட்டாலும் இதைத் தடுக்காது. கிண்டிலில் தமிழ் 2016 இறுதியில் வந்தது. அங்கே நூலை ஏற்றும்போது பூட்டு வேண்டுமா வேண்டாமா என்று எழுதியவரையே கேட்கிறார்கள். பூட்டினால், வாங்கிய வாசகர் அதே நூலைக் கிண்டில் கருவிக்கும் செயலிக்கும் வெளியே படிக்க முடியாது. வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியையும் 2025 பிப்ரவரி 26 முதல் அமேசான் எடுத்துவிட்டது.

பூட்டில்லாமல் விற்றால் வியாபாரம் அழிந்துவிடும் என்ற அச்சம் பெரிய பதிப்பகங்களுக்கும் இருந்தது. அமெரிக்காவின் டார் பதிப்பகம் 2012இல் தன் மின்னூல்கள் அனைத்திலிருந்தும் பூட்டை நீக்கியது. ஓராண்டு கழித்து, திருட்டு கூடியதாகத் தெரியவில்லை என்று அவர்களே எழுதினார்கள். இன்று வரை பூட்டில்லாமல்தான் விற்கிறார்கள்.

நீங்கள் நேரடியாக விற்பதாக இருந்தால் வாங்கியவரின் பெயரை முதல் பக்கத்தில் அச்சிட்டுக் கொடுங்கள். 'இந்தப் பிரதி இன்னாருக்கு' என்று. என் பில் தலைப்பும் இதே யோசனைதான். தன் பெயர் போட்ட நூலைக் குழுவில் போட மனிதர் தயங்குவார். உங்களுக்கு அது ஒரு கையெழுத்திட்ட பிரதி போலவும் அமையும்.

ஜூன் 13, இரவு

விட்டுப்போன முக்கியமான ஒன்று. பூட்டிய பல மின்னூல்களையும் படமாக ஒட்டிய பிடிஎஃப்களையும் பார்வையற்றோரின் திரைவாசிப்பான்களால் படிக்க முடிவதில்லை. பார்வையற்றோர் படிக்கக்கூடிய வடிவில் நூல்களைப் பிரதி எடுக்க வழிசெய்யத்தான் 2013இல் மராகேஷ் உடன்படிக்கை ஏற்பட்டது. 2014இல் அதை முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. அதற்கும் முன்பே, 2012 திருத்தத்தில், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற வடிவில் பிரதி எடுப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று நம் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். தமிழ் மின்னூல் விற்கிற ஒவ்வொருவரும் தன் நூலை ஒரு திரைவாசிப்பானில் ஓட்டிக் கேட்டுவிட்டு விற்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஜூன் 14

சட்டம் என்ன சொல்கிறது என்று பலர் கேட்டதால். நான் வழக்கறிஞன் இல்லை. தொழிலுக்காகப் படித்துத் தெரிந்துகொண்டவை.

பதிப்புரிமைச் சட்டம் 1957. திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் பிரிவு 63பி: குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபாரத்துக்காகப் பயன்படுத்தவில்லையென்றால் சிறையின்றி அபராதத்தோடு நீதிமன்றம் விடலாம். கடைக்கு அந்தச் சலுகை பொருந்தாது. பூட்டை உடைப்பது 2012 முதல் பிரிவு 65ஏ: மீறும் நோக்கத்தோடு உடைத்தால் 2 ஆண்டு வரை. 'மீறும் நோக்கத்தோடு' என்ற நிபந்தனை இருப்பதைக் கவனியுங்கள். சட்டம் அனுமதிக்கும் ஒரு காரியத்துக்காக உடைத்தால் குற்றமில்லை. ஆனால் அதற்கு உதவுகிறவர், யாருக்கு, எதற்கு உதவினார் என்ற முழு விவரத்தையும் பதிவு செய்து வைக்க வேண்டும். வாங்கிய மென்பொருளுக்குப் பாதுகாப்புப் பிரதி எடுத்துக்கொள்வதும் பிரிவு 52இன் கீழ் வாங்கியவரின் உரிமை. நம் உரிம ஒப்பந்தங்களில் அதையும் தடைசெய்கிறோம் என்று எழுதுவது அழகல்ல.

எழுத்தாளர் அம்மாவுக்குப் பயன்படக்கூடியது: உங்கள் நூலை வைத்திருக்கும் இணையதளத்துக்கு எழுத்து மூலம் புகார் அனுப்பினால், 2013 பதிப்புரிமை விதிகளில் 75ஆவது விதியின்படி 36 மணி நேரத்துக்குள் அவர்கள் அணுகலை நிறுத்த வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற ஆணையைப் பெற்றுக் காட்டாவிட்டால் மறுபடி திறந்துவிடலாம். டெலிகிராம் குழுக்கள் பற்றி: 2022 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம், ஒரு பயிற்சி ஆசிரியரின் பாடங்களைத் திருடிப் போட்ட குழுக்களை நடத்துகிறவர்களின் விவரத்தைத் தரும்படி டெலிகிராமுக்கு உத்தரவிட்டது. அவர்களும் கொடுத்தார்கள். குழுவில் ஒளிந்துகொண்டால் யாருக்கும் தெரியாது என்று நினைப்பவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய வழக்கு.

ஜூன் 15

சினிமாவைப் பற்றியும் ஒருவர் கேட்டிருக்கிறார். அது என் துறை இல்லை, சுருக்கமாக. டிஜிட்டல் திரையரங்கில் ஓடும் படத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத முத்திரை போகிறது: ஒவ்வொரு 5 நிமிடத்துக்குள்ளும் 35 பிட், அதில் 16 நேரத்துக்கு, 19 இடத்துக்கு. கேமராவில் திருடிய பிரதியிலிருந்தே எந்த அரங்கு, எந்தக் காட்சி என்று சொல்லிவிடலாம். பார்வையாளருக்கு இதனால் ஒரு தொல்லையும் இல்லை, ஆகவே எனக்கு மிகவும் பிடித்த முறை. தண்டனையைக் கூட்டிப் பார்த்ததும் உண்டு. தமிழ்நாட்டில் 2004இல் வீடியோ திருடர்களைக் குண்டர் சட்டத்தில் சேர்த்தார்கள். திரைப்படச் சட்டத்தின் 2023 திருத்தத்தின்படி அரங்கில் படமெடுத்தால் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. அபராதம் 3 லட்சத்தில் தொடங்கிப் படத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை.

வலைத்தளங்களை முடக்குவதில் 2012 பாடம் ஒன்று இருக்கிறது. படத் திருட்டைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் பெயர் தெரியாத எதிர்வாதிகளுக்கு எதிராக, 'அசோக் குமார்' என்ற பெயரில், தடை ஆணை கொடுத்தது. இணையச் சேவை நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன் போன்ற காணொளித் தளங்களையே முழுவதுமாக முடக்கிவிட்டன. சொந்தமாகக் குறும்படம் எடுத்து அங்கே வைத்திருந்த இளைஞர்களும் முடங்கினார்கள். குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே முடக்க வேண்டும் என்று ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்திய பிறகுதான் தளங்கள் திரும்பின.

ஜூன் 17

தம்பி, உங்கள் முதல் கேள்வியை மறுபடி படித்தேன். 'நான்கு பேருக்குப் போய்விடுகிறது' என்கிறீர்கள். யார் கையால் போகிறது என்று விசாரித்தீர்களா?

என் அனுபவத்தில் கடைக்காரர் கொடுப்பது குறைவு. கணினியை இணைத்து விற்கும் உள்ளூர்க் கடைப் பையன்தான் 'பில்லிங்கும் போட்டுத் தருகிறேன்' என்று இலவசமாகப் போட்டுக் கொடுப்பான். அவனுக்கு அது ஒரு கணினி விற்கும் உத்தி. எங்கள் ஊரில் அப்படிப் பரப்பிய ஒருவரை நேரில் போய்ப் பார்த்தேன். கோபத்தோடுதான் போனேன். அவர் சொன்ன காரணம் என்னை யோசிக்க வைத்தது: 'உங்களை எங்கே தேடுவது என்று எனக்குத் தெரியாது. கடைக்காரர் இன்றைக்கே வேண்டும் என்கிறார். என்னிடம் இருந்தது, போட்டேன்.' அவரையே முகவராக்கினேன். ஒவ்வொரு விற்பனைக்கும் அவருக்கு ஒரு பங்கு. லைசென்ஸ் கோப்பை அவர் கைப்பேசியிலிருந்தே கேட்டுப் பெறலாம், அன்றைக்கே கிடைக்கும். அந்த வட்டாரத்தில் நகல் ஏறக்குறைய நின்றுவிட்டது. இப்போது என் மென்பொருளை என்னைவிட நன்றாக விற்கிறார்.

நகல் பிரதி வைத்திருக்கும் கடைகளையும் எதிரியாகப் பார்க்காதீர்கள். உங்கள் மென்பொருளைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டு, கணக்கு முழுவதையும் அதில் வைத்திருப்பவர்கள் அவர்கள். ஜிஎஸ்டி விகிதம் மாறும்போது, புதுப் படிவம் வரும்போது, அவர்களுக்குப் புதுப் பதிப்பு தேவைப்படும். அப்போது பழைய கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு முறையாக வாங்கும் வழி திறந்திருக்க வேண்டும். பழசைக் கிளறிப் பேசாமல், அதே விலைக்குக் கொடுங்கள்.

ஜூன் 17, இரவு

கிராக் செய்த கணக்கு மென்பொருளைப் பயன்படுத்தலாமா என்று நேரடியாகவே ஒரு கடைக்காரர் கேட்டிருக்கிறார். ஐயா, சட்டத்தை ஒரு பக்கம் வையுங்கள். கிராக் போடும்போது ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள், நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்வார்கள். முகம் தெரியாத ஒருவனுக்குக் கணினியின் முழு அதிகாரத்தையும் கொடுக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த மொத்த வியாபாரி ஒருவரின் கணக்கு முழுவதும் இப்படித்தான் குறியாக்கப்பட்டுப் பணம் கேட்கும் செய்தி வந்தது. பேக்கப்பும் அதே கணினியில். கடன் கொடுத்த பாக்கிப் பட்டியலை நினைவிலிருந்து எழுதினார். பணம் ஒரு தடையென்றால் இலவச மென்பொருள்களைப் பயன்படுத்துங்கள். தமிழ்த் தட்டச்சுக்கு இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்றவை இலவசமாக வந்த பிறகு அந்தத் துறையில் திருட வேண்டிய அவசியமே பலருக்கு இல்லாமல் போயிற்று.

ஜூன் 20

தம்பி மின்னொப்ப முறையில் எழுதத் தொடங்கிவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். மகிழ்ச்சி. பதிப்புரிமைப் பதிவு செய்ய வேண்டுமா என்றும் கேட்கிறார். கட்டாயமில்லை. எழுதிய கணத்திலேயே உரிமை உங்களுடையது. ஆனால் வழக்கென்று வந்தால் பதிவுச் சான்று கைகொடுக்கும். படிவம் 14, இலக்கியப் படைப்பு என்ற வகையில் 500 ரூபாய் கட்டணம். விண்ணப்பித்தபின் ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருப்பு.

2021 திருத்தத்துக்குப் பிறகு மூலநிரலின் முதல் 10 பக்கமும் கடைசி 10 பக்கமும் கொடுத்தால் போதும். 20 பக்கத்துக்குக் குறைவென்றால் முழுவதும். எந்த வரியையும் மை பூசி மறைக்கக் கூடாது. அதனால் அனுப்பும் முன் அந்த 20 பக்கங்களையும் நிதானமாகப் படித்துப் பாருங்கள். தரவுத்தளக் கடவுச்சொல்லை நிரலின் தலைப்பிலேயே எழுதி வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. உங்கள் தனி விசை எந்தப் பக்கத்திலும் இருக்கக் கூடாது. அது மூலநிரல் இருக்கும் கணினியிலும் இருக்கக் கூடாது. நான் அதை இணையமே தொடாத ஒரு பழைய மடிக்கணினியில் வைத்திருக்கிறேன். இன்னொரு பிரதி வங்கி லாக்கரில்.